வெடி சிவகாசியில், விக்கெட் சென்னையில்

2024 மார்ச் தொடக்கத்தில் மும்பை பாந்த்ரா–குர்லா வளாக மைதானத்தில் நடந்த ரஞ்சிக் கோப்பை அரையிறுதி மூன்றே நாளில் முடிந்துவிட்டது. தமிழ்நாடு முதல் இன்னிங்ஸில் 146, இரண்டாவதில் 162. நடுவில் மும்பை 378. அதில் பின்வரிசையில் இறங்கிய ஷர்துல் தாக்கூர் அடித்தது மட்டும் 109. ஓர் இன்னிங்ஸ், 70 ரன் வித்தியாசத்தில் தோற்றதைவிட, அதன்பிறகு எழுந்த சச்சரவுதான் அதிகம் பேசப்பட்டது. அந்த ஆடுகளத்தில் டாஸ் வென்று பேட்டிங் எடுத்தது தவறு என்று பயிற்சியாளர் சுலக்ஷன் குல்கர்னி செய்தியாளர்களிடமே சொல்லிவிட்டார். முடிவெடுத்த கேப்டன் சாய் கிஷோரோ அந்தப் பருவத்தில் 53 விக்கெட் எடுத்து நாட்டிலேயே முதலிடத்தில் இருந்தவர்.

விருதுநகர், சாத்தூர், சிவகாசிப் பக்கம் ரஞ்சியைப் பின்தொடர்கிறவர்கள் அதிகம் இல்லை. சென்னை சூப்பர் கிங்ஸ் தோற்றால் ஊரே பேசும். தமிழ்நாடு தோற்றால் நாலு பேர் பேசுவார்கள். ஆனால் அந்த நாலு பேரின் பேச்சு சூடாக இருக்கும். “டாஸா தோத்துச்சு? பேட்டிங்ல்லண்ணே தோத்துச்சு” என்று ஒருவர் தொடங்குவார். வேகப்பந்து வீச ஆளில்லை என்பார் இன்னொருவர். ஐபிஎல் ஏலத்துக்காக ஆடுகிறவனிடம் நான்கு நாள் ஆட்டத்தை எதிர்பார்க்கலாமா என்பது மூன்றாவது கட்சி. கடைசியில், டீ கிளாஸைக் கீழே வைக்கும்போது யாராவது சொல்வார்கள்: “எல்லாம் மெட்ராஸ் செட்டுங்க. நம்ம பக்கத்துப் பய ஒருத்தன் உள்ள போக முடியுமா?”

முதல் மூன்று வாதங்களும் எந்த மாநில ரசிகனும் தன் அணியைப் பற்றிச் சொல்லக்கூடியவை. நான்காவதை மட்டும் ஆராய்ந்து பார்க்க வேண்டும் என்று எனக்குப் படுகிறது. அது வழக்கமாக ஒரு மனக்குறையாகச் சொல்லப்பட்டு, பெருமூச்சோடு முடிந்துபோகும். சாதி, செல்வாக்கு, சிபாரிசு என்று அதற்குக் காரணங்களும் தயாராக இருக்கும். அவற்றில் உண்மை இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பட்டாசும் தீப்பெட்டியும் அச்சும் இந்த வட்டாரத்தின் வாழ்க்கையை எப்படி வடிவமைத்தன என்பதைப் பார்க்காமல் இந்தக் கேள்விக்கு விடை கிடைக்காது.

முதலில் அணியின் கணக்கு. ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டமே சேப்பாக்கத்தில்தான் நடந்தது. 1934 நவம்பர் 4 அன்று மைசூருக்கு எதிராக. ஏ.ஜி. ராம்சிங் 11 விக்கெட் எடுக்க, மெட்ராஸ் ஒரே நாளில் வென்றது. அப்படித் தொடங்கிய அணி கோப்பையை வென்றது இரண்டே முறை. 1954–55இல் பாலு அழகண்ணன் தலைமையில் இந்தூரில் ஹோல்கர் அணியை 46 ரன்னில் வீழ்த்தியது முதலாவது. 1987–88இல் எஸ். வாசுதேவன் தலைமையில் சென்னையில் ரயில்வே அணியை இன்னிங்ஸ் வித்தியாசத்தில் வென்றது இரண்டாவது. அதற்குப் பின் ஆறு முறை இறுதிப்போட்டிக்குப் போய் ஆறிலும் தோல்வி: 1991–92, 1995–96, 2002–03, 2003–04, 2011–12, 2014–15. இவற்றில் 2011–12 மறக்க முடியாதது. சேப்பாக்கத்திலேயே ராஜஸ்தான் 621 ரன் குவித்து, முதல் இன்னிங்ஸ் முன்னிலையிலேயே கோப்பையைக் கொண்டுபோனது. 2014–15 இறுதிப்போட்டியில் கர்நாடகத்தின் கருண் நாயர் 328 அடித்தார். பத்தாண்டு கழித்து, 2025 பிப்ரவரியில் நாக்பூரில் நடந்த காலிறுதியில் அதே கருண் நாயர் விதர்பாவுக்காக 122 அடித்து மறுபடியும் தமிழ்நாட்டை வெளியே அனுப்பினார். சில மனிதர்கள் சில அணிகளுக்கென்றே பிறக்கிறார்கள் போலும்.

ஆனால் வெள்ளைப் பந்து ஆட்டத்தில் இதே தமிழ்நாடு வேறொரு அணி. சையது முஷ்டாக் அலி இருபது ஓவர் கோப்பை 2006–07, 2020–21, 2021–22 என்று மூன்று முறை வந்தது. கடைசியாக வென்றபோது, கர்நாடகத்துக்கு எதிராகக் கடைசிப் பந்தில் ஷாருக் கான் அடித்த சிக்ஸரை இந்தப் பக்கத்துப் பையன்கள் இன்றும் கைப்பேசியில் வைத்திருக்கிறார்கள். 2022இல் அருணாசலப் பிரதேசத்துக்கு எதிராக 50 ஓவரில் 506 ரன். அதில் ஜெகதீசன் 277. ஆக, திறமைப் பஞ்சம் என்று யாரும் சொல்ல முடியாது. மூன்று மணி நேரத்தில் முடியும் ஆட்டத்தில் ஜெயிக்கிற மாநிலம், நான்கைந்து நாள் ஆட்டத்தில் ஏன் தடுமாறுகிறது?

நீண்ட ஆட்டம் எங்கே கற்றுத்தரப்படுகிறது என்று பார்த்தால் விடையின் ஒரு பாதி கிடைத்துவிடும். சென்னையின் முதல் டிவிஷன் லீக்தான் அதற்கான பள்ளிக்கூடம். ரஞ்சி அணிக்கான பாதை பெரும்பாலும் அதன் வழியாகத்தான் போகிறது. அந்த லீக்கின் பரிசுக்கு என்ன பெயர் தெரியுமா? ‘ராஜா ஆஃப் பாளையம்பட்டி ஷீல்டு’. பாளையம்பட்டி இருப்பது விருதுநகர் மாவட்டத்தில், அருப்புக்கோட்டையை ஒட்டி. பழைய ராமநாதபுரம் சீமையின் ஜமீன்களில் ஒன்று. கரிசல் காட்டு ஜமீன் ஒன்றின் பெயரைத் தாங்கிய கேடயத்துக்காகத் தலைமுறை தலைமுறையாகச் சென்னை அணிகள் மோதிக்கொண்டிருக்கின்றன. பெயரைக் கொடுத்த மண்ணிலிருந்து அந்த லீக்கில் ஆடவேண்டுமானால், பையன் முதலில் ரயிலேறி எழும்பூரில் இறங்க வேண்டும்.

இறங்கினால் மட்டும் போதாது. அங்கே தங்கிச் சாப்பிட யாராவது சம்பளம் கொடுக்க வேண்டும். சென்னை கிரிக்கெட்டைப் பற்றிய பேச்சில் இந்த விஷயம் எப்போதும் ஓரமாகவே வருகிறது. சென்னை லீக் வளர்ந்தது வங்கிகளும் நிறுவனங்களும் ஆட்டக்காரர்களை வேலைக்கு எடுத்ததால். சன்மார் குழுமத்தின் ஜாலி ரோவர்ஸ், இந்தியா சிமெண்ட்ஸ் ஆதரவில் இயங்கிய பல அணிகள், 1987இல் டென்னிஸ் லில்லியை அழைத்துவந்து எம்ஆர்எஃப் தொடங்கிய வேகப்பந்துப் பள்ளி எல்லாவற்றுக்கும் பின்னால் பெரிய, ஒற்றைத் தலைமையுள்ள, மாதச் சம்பளம் கொடுக்கும் கம்பெனிகள் இருந்தன. மதியத்துக்கு மேல் வலைப்பயிற்சிக்குப் போக ஆபீஸ் அனுமதித்தது. அடுத்த மாத வாடகை என்ன ஆகும் என்ற பயம் இல்லாமல் ஓர் இருபது வயதுக்காரன் ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே போகும் பந்தை விட்டுவிடக் கற்றுக்கொண்டான்.

சிவகாசியில் பணம் இல்லையா? நிறைய இருந்தது. 1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்த கதையை இங்கே சின்னப் பிள்ளையும் சொல்லும். 1940களில் பட்டாசு வந்தது. பிறகு அச்சு. நாட்டின் பட்டாசில் பத்தில் ஒன்பது பங்கு இந்த வட்டாரத்தில் தயாராகிறது என்பார்கள். அந்தப் பணம் ஊருக்குத் திரும்பவும் செய்தது. மகமை – வியாபாரிகள் பொதுக் காரியத்துக்கென ஒதுக்கும் பங்கு – பிடித்துப் பள்ளிக்கூடம் கட்டிய சமூகம் இது. விருதுநகர் க்ஷத்திரிய வித்யாசாலா 19ஆம் நூற்றாண்டிலேயே தொடங்கியது. 1947இல் விருதுநகரில் செந்திக்குமார நாடார் கல்லூரி, 1963இல் சிவகாசியில் அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரி, 1968இல் ஸ்டாண்டர்ட் ஃபயர்ஒர்க்ஸ் ராஜரத்தினம் மகளிர் கல்லூரி, 1984இல் மெப்கோ ஷ்லெங்க் பொறியியல் கல்லூரி. அரசை எதிர்பார்க்காமல் கல்விக்கு இத்தனை செய்த வட்டாரம் தமிழ்நாட்டில் வேறு எத்தனை உண்டு?

விளையாட்டுக்கு மட்டும் ஏன் அது நடக்கவில்லை என்றால், தொழிலின் உருவம் அதற்கு ஒத்துவரவில்லை. பட்டாசுத் தொழில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிறிய, நடுத்தர ஆலைகளாகச் சிதறிக் கிடப்பது. வெடிபொருள் விதிகளே அப்படித்தான் அமைந்தவை: இவ்வளவு மருந்து, இவ்வளவு ஆள், அறைக்கும் அறைக்கும் இவ்வளவு இடைவெளி. உரிமம் தரும் இடத்தை வைத்தே ஆலையின் தகுதியைச் சொல்வார்கள்: டிஆர்ஓ (மாவட்ட வருவாய் அலுவலர்) லைசென்ஸ், சென்னை லைசென்ஸ், நாக்பூர் லைசென்ஸ். வேலை செய்பவருக்குக் கூலி பெரும்பாலும் பீஸ் ரேட். குழாயில் மருந்து செலுத்தினால் இவ்வளவு, திரி சொருகினால் இவ்வளவு. எண்ணிக்கைக்குக் கூலி வாங்குகிறவனுக்கு மதியத்துக்கு மேல் பயிற்சி என்றால், மதியத்துக்கு மேல் கூலி இல்லை என்று அர்த்தம். அவனை வைத்து ஒரு கம்பெனி அணி உருவாக வழியே இல்லை. திருநெல்வேலிக்கு அருகில் சங்கர் நகரில் நல்ல மைதானம் இருக்கிறதென்றால், இந்தியா சிமெண்ட்ஸின் தொழிற்சாலை அங்கே இருக்கிறது, அதன் முதலாளிகளுக்குக் கிரிக்கெட் பிடித்திருந்தது. விருதுநகருக்குப் பக்கத்திலும் சிமெண்ட் ஆலை இருக்கிறது; ராஜபாளையத்துக் குழுமத்தின் ஆர்.ஆர். நகர் ஆலை. ஆனால் இந்தியா சிமெண்ட்ஸ் அளவுக்கு அந்தக் குழுமம் கிரிக்கெட்டில் இறங்கியதாகச் சொல்ல முடியாது. இதில் யாரையும் குற்றம் சொல்ல ஏதுமில்லை. முதலாளியின் ரசனையை நம்பி ஒரு மாநிலத்தின் விளையாட்டு நடந்தால் வரைபடம் இப்படித்தான் திட்டுத்திட்டாக இருக்கும்.

இன்னொரு காரணம் இதைவிடக் கசப்பானது. 1980களில் இந்த வட்டாரத்துத் தீப்பெட்டி, பட்டாசு ஆலைகளில் பல்லாயிரக்கணக்கான குழந்தைகள் வேலை பார்த்தார்கள். விடிவதற்கு முன்பே வேன்களும் பஸ்களும் கிராமம் கிராமமாகப் போய் அவர்களை ஏற்றிக்கொண்டு வரும்; பொழுது சாய்ந்து திரும்பக் கொண்டுவிடும். ஸ்மிது கோத்தாரி 1983இல் ‘எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி’யில் எழுதிய கட்டுரை இதை நாடு முழுக்கப் பேசவைத்தது. 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. சிவகாசித் தீப்பெட்டி ஆலைகளை முன்வைத்து எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வேலைக்கு வைக்கப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது. இதெல்லாம் தொழிலாளர் வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. விளையாட்டு வரலாற்றில் யாரும் எழுதிவைக்கவில்லை.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். 1985இல் பத்து வயதாக இருந்த பையனுக்கு, தமிழ்நாடு டெல்லியிடமும் கர்நாடகத்திடமும் இறுதிப்போட்டிகளில் தோற்ற 1990களில் வயது இருபதை ஒட்டி இருந்திருக்கும். ரஞ்சிக்குள் நுழைய வேண்டிய வயது. அந்த வயதுக்குள் வர வேண்டிய கைப்பழக்கம் எட்டு வயதிலிருந்து பதினான்குக்குள் கை, கண், கால் மூன்றும் சேர்ந்து பழகுவதில் இருக்கிறது. அந்த ஆறு ஆண்டுகளையும் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் தீக்குச்சிகளைச் சட்டத்தில் அடுக்குவதில் கழித்தார்கள். அவர்களுடைய விரல்கள் வேகமானவை. நாட்டிலேயே வேகமான விரல்கள் அவையாகத்தான் இருந்திருக்கும். பந்தைச் சுழற்றும் வாய்ப்பு மட்டும் கிடைக்கவில்லை. ‘நம்ம பக்கத்துப் பய ஏன் போகல’ என்று டீக்கடையில் கேட்பவர்கள் இதைச் சொல்வதே இல்லை. கேட்பவரின் அண்ணனோ அக்காவோ அந்த வேனில் போனவர்களாக இருக்கக்கூடும் என்பது காரணமாக இருக்கலாம்.

அவர்களுக்குக் கிரிக்கெட் காதுவழியாக வந்து சேர்ந்தது. பெட்டி ஒட்டும் வேலையில் கை ஓடிக்கொண்டிருக்கும், காது சும்மா இருக்கும். சேப்பாக்கத்தில் டெஸ்ட் நடந்தால் அகில இந்திய வானொலியில் அப்துல் ஜப்பாரின் தமிழ் வர்ணனை. 1954–55இல் கோப்பையைத் தூக்கிய அதே பாலு அழகண்ணனும் பின்னாளில் வானொலியில் வர்ணனை செய்தவர். பந்து எங்கே விழுந்து எங்கே திரும்பியது என்பதைப் பார்க்காமலே புரிந்துகொண்ட ரசிகர் கூட்டம் இப்படி உருவானது. ஆட்டத்தின் நுட்பம் தெரியும். மட்டையைக் கையில் பிடித்தது கிடையாது.

தொழில்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்றும் முடித்துவிட முடியாது. ஏனென்றால் சாத்தூரிலிருந்து அரை மணி நேரப் பயணத்தில் கோவில்பட்டி இருக்கிறது. அதுவும் தீப்பெட்டி ஊர்தான். கடலை மிட்டாயும் தீப்பெட்டியும்தான் அதன் அடையாளம். ஆனால் அங்கே ஹாக்கி இருக்கிறது. லட்சுமி அம்மாள் நினைவு அகில இந்தியப் போட்டிக்கு நாட்டின் பெரிய அணிகள் வந்து ஆடுகின்றன. பக்கத்து ஊர்க்காரர்கள் கூட்டங்கூட்டமாக உட்கார்ந்து பார்க்கிறார்கள். அந்த ஊரின் மாரீஸ்வரன் சக்திவேலும் அரியலூரின் செல்வம் கார்த்தியும் 2022 ஆசியக் கோப்பைக்கான இந்திய அணியில் இடம்பெற்றபோது, தமிழ்நாட்டு ஹாக்கியின் நீண்ட வறட்சி தீர்ந்தது என்று எழுதினார்கள்.

அதே கரிசல், அதே தொழில், அதே கூலி. ஆனால் அங்கே ஒரு படிக்கட்டு இருந்தது. பள்ளிக்கூடத்து உடற்பயிற்சி ஆசிரியர், அரசின் ஹாக்கி விடுதி, அங்கிருந்து காவல்துறை, ரயில்வே, வங்கி என்று வேலைக்கான கதவு. படிகளில் ஒவ்வொன்றும் பையனின் வீட்டிலிருந்து சைக்கிளில் போகும் தூரத்தில் தொடங்கியது. கிரிக்கெட்டின் முதல் படி ஐந்நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது.

கோவில்பட்டியைச் சொல்லும்போது அதன் இழப்பையும் சொல்ல வேண்டும். 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் ஹாக்கி செயற்கைப் புல்லுக்கு மாறியது; அதுவரை பதக்கமில்லாமல் திரும்பியறியாத இந்தியா ஏழாமிடத்தில் முடித்தது. மண் தரையில் ஆடி வளர்ந்த சிற்றூர்கள் அன்றைக்கே பின்தங்கின. கோவில்பட்டிக்குச் செயற்கைப் புல்தரை வந்தது பல பத்தாண்டுகள் கழித்து. இடைப்பட்ட காலத்தில் மண்ணில் கற்ற பிள்ளைகள் புல்லில் ஆடியவர்களோடு மோதித் தோற்றார்கள். நம் ஆட்களுக்கு முன்போல் திறமை இல்லை என்று ஊரும் பேசியது. வீழ்ச்சி என்று நாம் சொல்வதில் பாதி இப்படித் தரை மாறியதால் வந்தது.

விருதுநகர் மாவட்டத்தில் அப்படி ஓரங்கட்டப்பட்டவை பூப்பந்தும் வாலிபாலும் கபடியும். இவை மாலை நேர ஆட்டங்கள். வேலை முடிந்து வந்து, கோயில் பொட்டலில் டியூப்லைட் கட்டி ஆடலாம். ஒரு பந்து, ஒரு வலை போதும். உழைப்பாளி ஊருக்கு ஏற்ற விளையாட்டுகள் என்றால் இவைதான். தொலைக்காட்சி வந்தபின் இவற்றைப் பார்க்கும் கண்கள் கிரிக்கெட்டுக்குப் போயின; நன்கொடையும் பின்னாலேயே போயிற்று. கிரிக்கெட் பழைய ஆட்டங்களின் இடத்தைப் பிடித்துக்கொண்டு, பதிலுக்குப் படிக்கட்டு எதையும் தரவில்லை என்பதுதான் என் வருத்தம்.

தந்தது டென்னிஸ் பந்து கிரிக்கெட். தண்ணீர் வற்றிய கண்மாயில் சீமைக்கருவேலத்தை வெட்டிச் சீர்செய்து, நடுவில் மேட் விரித்து ஆடும் போட்டிகளை இங்கே எந்தக் கோடையிலும் பார்க்கலாம். பங்குனி, சித்திரைப் பொங்கலையொட்டிக் கோப்பைகள் நடக்கும். நோட்டீஸில் முதல் பரிசு ஒரு பட்டாசுக் கடையின் உபயம், இரண்டாம் பரிசு ஓர் அச்சகத்தின் உபயம், பந்து ஒரு மொபைல் கடையின் உபயம். நுழைவுக் கட்டணம், எட்டு ஓவர், வெளியூரிலிருந்து காசு கொடுத்துக் கூட்டிவரும் கெஸ்ட் பிளேயர், அம்பயரோடு ஒரு தகராறு. கொஞ்சம் வசதியான அணிகள் கார்க் பாலில் ஆடும். லெதர் பால் என்றால் பேடு, கிளவுஸ், ஹெல்மெட் என்று செலவு ஏறும். நல்ல மட்டை ஒன்றின் விலையே ஒரு குடும்பத்தின் மாத வருமானத்தைத் தொட்டுவிடும்.

இந்த ஆட்டத்தை ஏளனமாகப் பேசக்கூடாது. சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியின் தங்கராசு நடராஜன் யார்க்கரைக் கற்றது டென்னிஸ் பந்தில்தான். 2020–21 ஆஸ்திரேலியச் சுற்றுப்பயணத்துக்கு வலைப்பந்துவீச்சாளராகப் போன அவர், ஒரே பயணத்தில் மூன்று வகை ஆட்டங்களிலும் இந்தியாவுக்காக அறிமுகமானார். ஆனால் அவர் கதையைச் சொல்கிறவர்கள் நடுப்பகுதியை வேகமாகத் தாண்டிவிடுகிறார்கள். அவரைச் சென்னைக்கு அழைத்துச்செல்ல ஊரில் ஓர் அண்ணன் இருந்தார்; அங்கே நான்காவது டிவிஷனில் பிஎஸ்என்எல் அணியில் தொடங்கி, விஜய் கிளப், ஜாலி ரோவர்ஸ் என்று ஏறித்தான் அவர் ரஞ்சிக்கு வந்தார். மதுரையில் பிறந்த ஜி. கமாலினியின் கதையும் அதுவே. மகளுக்காகக் குடும்பமே சென்னைக்குப் பெயர்ந்த பிறகுதான் 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையும் மும்பை இந்தியன்ஸ் ஒப்பந்தமும் வந்தன. கண்மாய் ஆட்டம் யார்க்கர் வீசவும் சிக்ஸர் அடிக்கவும் கற்றுத்தரும். எட்டு ஓவர் ஆட்டத்தில் பந்தை விட்டுவிடுகிறவனை அடுத்த வாரம் அணியில் சேர்க்க மாட்டார்கள். மாநிலத்தின் வெள்ளைப் பந்து வெற்றியும் சிவப்புப் பந்துத் தோல்வியும் இந்த இடத்தில்தான் பிரிகின்றன என்று நினைக்கிறேன்.

2016இல் தொடங்கிய தமிழ்நாடு பிரீமியர் லீக் இதை மாற்றும் என்று எதிர்பார்த்தார்கள். கொஞ்சம் மாற்றியது. நத்தத்தில் என்பிஆர் கல்லூரி மைதானம், சங்கர் நகர், சேலம், கோவை என்று ஆட்டம் சென்னையை விட்டு வெளியே வந்தது. 2018இல் மதுரை அணி கோப்பையை வென்றபோது இந்தப் பக்கமும் அதைச் சொந்த அணியாகவே கொண்டாடினார்கள். ஆனால் அதுவும் இருபது ஓவர். சிவகாசியிலிருந்து வடக்கே நத்தத்துக்கும் தெற்கே சங்கர் நகருக்கும் ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். 2023இல் மீண்டும் உயிர்பெற்ற புச்சிபாபு பல நாள் போட்டிகளும் 2024இல் அதே நான்கு ஊர்களில்தான் நடந்தன. நடுவிலுள்ள பட்டாசு மண்டலத்தை எல்லாமே தாண்டிப் போகின்றன.

வெடி மட்டும் கிரிக்கெட்டோடு விடாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. இந்தியா ஜெயித்தால் நாடெங்கும் வெடிப்பது இங்கே உருட்டிய சரவெடி. 2015 உலகக் கோப்பையின்போது, 1992இல் வாங்கிய பட்டாசை வெடிக்க முடியாமல் காத்திருக்கும் பாகிஸ்தான் ரசிகனை வைத்து வந்த தொலைக்காட்சி விளம்பரம் பலருக்கு நினைவிருக்கும். கிரிக்கெட் வெற்றிக்குப் பட்டாசைத் தவிர வேறு அடையாளமே இல்லாத காலம் அது. அடுத்த ஆண்டே காற்று திசைமாறியது. 2016 தீபாவளிக்குப் பிந்தைய புகைமூட்டத்தில் டெல்லியில் நடக்கவிருந்த இரண்டு ரஞ்சி ஆட்டங்கள் – வங்காளம்–குஜராத், ஹைதராபாத்–திரிபுரா – ரத்தாயின. 2017 டிசம்பரில் கோட்லா டெஸ்டில் இலங்கை வீரர்கள் முகமூடி போட்டுக்கொண்டு நின்றார்கள். டெல்லிப் புகைக்கு வயல் எரிப்பும் வாகனமும் காரணம், பட்டாசு ஒருநாள் கூத்து என்பது சிவகாசியின் வாதம். அதில் நியாயம் உண்டு. ஆனால் 2018 அக்டோபர் 23 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் பேரியத்துக்கும் சரவெடிக்கும் தடை விதித்து, பசுமைப் பட்டாசை மட்டுமே அனுமதித்தது. அந்த ஆண்டு இறுதியில் ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக்கிடந்தன. 2023 உலகக் கோப்பையில் மும்பையிலும் டெல்லியிலும் நடக்கும் ஆட்டங்களில் வாணவேடிக்கை கிடையாது என்று கிரிக்கெட் வாரியமே அறிவித்தது. கிரிக்கெட்டில் இந்த வட்டாரத்துக்கு மிஞ்சியிருந்த ஒரே பங்கும் அப்படிச் சுருங்கியது. தொழில் சுருங்கும்போது உபயமும் சுருங்கும். பையன்கள் திருப்பூருக்கும் சென்னைக்கும் வேலைக்குப் போனால் கண்மாயில் பதினோரு பேர் சேர்வதே கஷ்டம்.

இதற்கிடையில் ரஞ்சியை யார் ஜெயிக்கிறார்கள் என்று பாருங்கள். விதர்பா மூன்று முறை, சௌராஷ்டிரா இரண்டு முறை, குஜராத், மத்தியப் பிரதேசம். கேரளம் 2024–25இல் முதன்முறையாக இறுதிப்போட்டிக்குப் போனது. பெருநகரக் கிளப் பாரம்பரியம் எதுவும் இல்லாதவை இவற்றில் பல. நாக்பூர் என்றால் சிவகாசியில் லைசென்ஸ் ஆபீஸ்தான் நினைவுக்கு வரும். அதே நாக்பூரில் விதர்பா சங்கம் உறைவிட அகாடமி வைத்துச் சிற்றூர்ப் பிள்ளைகளைக் கூட்டிவந்து வளர்த்தது, சந்திரகாந்த் பண்டிட்டைக் கொண்டுவந்து கண்டிப்பாகப் பயிற்சி கொடுத்தது, 2017–18இலும் 2018–19இலும் தொடர்ந்து கோப்பையை எடுத்தது. தமிழ்நாட்டிடம் அதைவிடப் பணம் இருக்கிறது, மைதானம் இருக்கிறது, லீக் இருக்கிறது. எல்லாம் ஒரே நகரத்தில் இருக்கிறது.

ஆகவே அணியின் எதிர்காலம் குறித்து என் கணிப்பு இதுதான். வெள்ளைப் பந்தில் தமிழ்நாடு இனியும் ஜெயிக்கும். கண்மாய்கள் இருக்கும்வரை அதற்கு ஆள் கிடைப்பார்கள். ரஞ்சியில் காலிறுதி, அரையிறுதி என்று போய்த் தோற்பதும் தொடரும். டாஸையும் தேர்வாளரையும் மாற்றுவதால் இது சரியாகாது. தமிழ்நாடு கிரிக்கெட் சங்கம் மாவட்டங்களுக்கிடையே நடத்தும் போட்டிகளில், பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளைகளுக்கு இரண்டு நாள், மூன்று நாள் ஆட்டங்கள் கூட வேண்டும். அவற்றை மாவட்டத்திலேயே, புல்தரை ஆடுகளத்தில் ஆடவைக்க வேண்டும்.

அதற்கு இந்த வட்டாரம் சென்னையின் தயவை எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டியதில்லை. மகமையில் பள்ளிக்கூடம் கட்டிய ஊருக்கு ஓர் ஆடுகளம் பெரிய காரியமல்ல. நத்தத்தில் ஒரு தனியார் கல்லூரி மைதானம் அமைத்தது. லீக் தானாக அங்கே போனது. விருதுநகர் மாவட்டத்தில் பட்டாசுப் பணத்திலும் மகமைப் பணத்திலும் வளர்ந்த கல்லூரிகளுக்கு இடம் இருக்கிறது. அவற்றில் ஒன்று முதல்தரப் போட்டி நடத்தும் அளவுக்கு ஆடுகளம் போட்டு, பக்கத்தில் முப்பது பிள்ளைகள் தங்க ஒரு விடுதியும் கட்டட்டும். ஆண்டுக்கு ஒரு புச்சிபாபு ஆட்டத்தையாவது அங்கே ஒதுக்கும்படி மாவட்டச் சங்கம் சென்னையிடம் எழுதிக் கேட்கட்டும்.